உருவிய ஃபியூஸ்

"தினமும் அஞ்சாறு மணி நேரம் வண்டி ஓட்டுறேன். ஒரு பொட்டு சார்ஜ் ஏறலை. இது மூணாவது பட்டறைம்மா" என்றார் வேன்காரர்.

வீடாக மாற்றிய வேன். உள்ளே கட்டில், அடுப்பு, குட்டி ஃபிரிட்ஜ். ஓய்வு பெற்ற பிறகு புருஷனும் பெண்டாட்டியுமாக ஊர் ஊராகச் சுற்றுகிறார்கள். இன்ஜினுக்கு ஒரு பேட்டரி, விளக்குக்கும் ஃபிரிட்ஜுக்கும் தனியாக இரண்டு. வண்டி ஓடும்போது இந்த இரண்டும் தானாக நிரம்ப வேண்டும். மூன்று வாரமாக நிரம்பவில்லை.

"புது பேட்டரி மாத்தியும் இதே கதைதான். ஃபிரிட்ஜ் நின்னு, இவளோட இன்சுலின் ரெண்டு தடவை வீணாப் போச்சு."

எலெக்ட்ரீஷியன் பெண் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"இன்ஜினை ஓட விடுங்க சார்."

இன்ஜின் பேட்டரியில் மீட்டரை வைத்தாள். பதினாலு புள்ளி இரண்டு வோல்ட். பின்னால் போய் வீட்டு பேட்டரியில் வைத்தாள். பன்னிரண்டைக்கூடத் தொடவில்லை.

"அங்க கிளம்புறது இங்க வந்து சேரலை. நடுவுல எங்கேயோ நிக்குது."

இரண்டு பக்கத்தையும் இணைக்கும் ரிலே 'டக்'கென்று அடித்தது. அது சரி. எர்த் வயரைக் கழற்றி, துருவைச் சுரண்டி மாட்டினாள். ஊஹூம். பலகை பலகையாகக் கழற்றி, வயரின் கூடவே ஊர்ந்து போனாள். ஒரு மணி நேரம் ஓடிவிட்டது. வேன்காரர் டார்ச் பிடித்துக்கொண்டே பின்னால் வந்தார்.

அவர் மனைவி பட்டறை ஸ்டூலில் உட்கார்ந்து சிரித்தார்.

"இவரு கை சும்மாவே இருக்காதும்மா. வீட்டுல ஒரு கடிகாரத்தை விட்டுவைக்கலை. பிரிச்சுப் போட்டுடுவாரு. மாட்டத்தான் தெரியாது."

எலெக்ட்ரீஷியனுக்கும் சிரிப்பு வந்தது. டிரைவருக்குப் பக்கத்து சீட்டின் அடியில் தலையை விட்டவள், அப்படியே நின்றாள்.

"சார், இங்க இருந்த ஃபியூஸ் எங்கே?"

"எரிஞ்சுபோச்சா?"

"எரிஞ்சிருந்தா இங்கேயே இருக்குமே. யாரோ உருவியிருக்காங்க."

வேன்காரர் குனிந்து காலி இடத்தைப் பார்த்தார். நிமிர்ந்து மனைவியைப் பார்த்தார்.

"நான்தான் எடுத்தேன்" என்றார். "மறந்தே போச்சு."

"நல்லா இருக்கு சார்! நீங்களே எடுத்துட்டு, என்னை ஒரு மணி நேரம் தேட விட்டீங்களா?"

"நான் சொன்னேன்ல?" என்றார் மனைவி.

எலெக்ட்ரீஷியன் கோபத்தோடு புது ஃபியூஸைச் செருகினாள். வீட்டு பேட்டரியில் மீட்டர் பதினாலுக்கு ஏறியது. ஃபிரிட்ஜ் உறுமத் தொடங்கியது. மனைவி கை கழுவப் பட்டறையின் பின்பக்கம் போனார்.

"இதே மாதிரி ஃபியூஸ் இன்னும் பத்து கொடும்மா" என்றார் வேன்காரர் தணிந்த குரலில்.

"பத்தா? திரும்பவும் உருவப் போறீங்களா? அம்மாவோட மருந்து சார் அது. விளையாட்டா உங்களுக்கு? இருங்க, மேல ஒரு மூடி போட்டுப் பூட்டிடறேன். சாவி அம்மாகிட்ட இருக்கட்டும்."

"பூட்டு வேணாம்மா."

"ஏன்?"

அவர் பின்பக்கம் ஒரு தடவை பார்த்துக்கொண்டார்.

"எடுத்தது நான் இல்லை. அவ. ரெண்டு வருஷமா ஞாபகம் தப்புது. காலையில தெளிவாத்தான் பேசுவா. சாயங்காலம் ஆனா ஒரே தவிப்பு. சீட்டுக்கு அடியில கையை விட்டுத் தடவுவா. அப்புறம்தான் அடங்குவா. செருப்பைத் தேடுறான்னு நினைச்சேன். காலி இடத்தைத் தொட்டுப் பார்த்திருக்கான்னு இப்பத்தான் புரியுது."

எலெக்ட்ரீஷியன் கையிலிருந்த மீட்டரைக் கீழே வைத்தாள்.

"அப்போ ஏன் சார் நீங்க பழியை ஏத்துக்கிட்டீங்க?"

"தன்னாலதான் மருந்து கெட்டுச்சுன்னு தெரிஞ்சா துடிச்சுப் போயிடுவா. அஞ்சு நிமிஷத்துல மறந்துடுவா, நிஜம்தான். ஆனா அந்த அஞ்சு நிமிஷம் என்னால பார்க்க முடியாதும்மா."

"எதுக்கு எடுக்கிறாங்கன்னு கேட்டீங்களா?"

"எடுக்கிறதே இப்பத்தானே தெரியும். முப்பது வருஷம் மின்சார ஆபீஸ்ல வேலை பார்த்தவ. அந்தக் கை பழக்கமோ என்னவோ."

எலெக்ட்ரீஷியன் மறுபடி சீட்டுக்கு அடியில் படுத்தாள். ஃபியூஸை வயரோடு உள்பக்கம் நகர்த்தி, ஒரு தகட்டுக்குப் பின்னால் மறைத்தாள். பழைய இடத்தில் எந்த வயரும் சேராத வெறும் கூடு ஒன்றை வைத்துத் திருகி, அதில் ஒரு ஃபியூஸைச் செருகினாள்.

"இதை எத்தனை தடவை உருவினாலும் ஒண்ணும் நிக்காது சார். பத்து ஃபியூஸும் தர்றேன். எடுக்க எடுக்கச் செருகி வைங்க."

வேன்காரர் தலையை அசைத்தார்.

மனைவி திரும்பி வந்து வண்டியில் ஏறினார். வெயில் இறங்கிவிட்டிருந்தது. அவர் முகத்தில் சிரிப்பு இல்லை. விரல்கள் மடியில் நிலைகொள்ளாமல் அலைந்தன. சட்டென்று குனிந்தார். கை சீட்டுக்கு அடியில் போனது. ஃபியூஸோடு வெளியே வந்தது.

ஃபிரிட்ஜ் உறுமிக்கொண்டே இருந்தது. அது அவர் காதில் விழவில்லை. நீண்ட பெருமூச்சு விட்டார். ஜன்னல் வழியாகக் கையை நீட்டி எலெக்ட்ரீஷியனின் உள்ளங்கையில் ஃபியூஸை வைத்து, விரல்களை இறுக மூடினார்.

"லைன்மேன் கம்பத்துல ஏறியிருக்கான்மா. அவன் பத்திரமா இறங்குற வரைக்கும், யார் வந்து கேட்டாலும் இதைக் கொடுத்துடாதே."