லிஃப்ட் நன்றாகவே ஓடுகிறது

"அரசு மருத்துவமனை லிஃப்ட் ஓடுதா, இல்லையா?"

எதிர்க்கட்சி உறுப்பினர் ஒவ்வொரு கூட்டத்தொடரிலும் கேட்கும் கேள்விதான். அந்தப் படிகளில் ஸ்ட்ரெச்சரைத் தூக்கிக்கொண்டு ஏறுகையில், பாதி வழியிலேயே மனைவியைப் பறிகொடுத்தவர் அவர்.

"ஜோரா ஓடுது" என்பார் அமைச்சர். ஆளுங்கட்சி மேசைகள் அதிரும். இந்த முறை கூடுதலாக ஒரு சிரிப்பு. "நம்பிக்கை இல்லேன்னா நாளைக்கு வாங்கண்ணே, நானே ஏறிக் காட்டுறேன்."

மறுநாள் மருத்துவமனை வாசலில் நிருபர் கூட்டம்.

"நீங்க பேசிட்டு லிஃப்ட்ல வாங்க தம்பி. நான் முன்னாடி படியில போறேன். பழகிடுச்சு" என்றார் உறுப்பினர்.

அமைச்சர் ஆற அமரப் பேட்டி கொடுத்துவிட்டு ஏறினார். இரண்டாம் மாடியைத் தாண்டியதும் லிஃப்ட் நின்றது. விளக்கும் அணைந்தது.

"யாருய்யா அங்க? கதவைத் திறங்கய்யா!"

உறுப்பினர் மேலேயிருந்து இறங்கி வந்து, மூன்றாம் மாடிக் கதவோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்.

"ஒரு துணைக் கேள்வி. லிஃப்ட் ஓடுதா?"

"ஓடலண்ணே! என்னிக்குமே ஓடல! நான் சொன்னதெல்லாம் பொய்! மூச்சு முட்டுதுண்ணே!"

படியேறி ஓடிவந்த நிருபர்கள் ஒரு சொல் விடாமல் பதிவு செய்துகொண்டார்கள்.

பாவம் அமைச்சர். இரவோடு இரவாக ஆள் விட்டு லிஃப்டைச் சரிசெய்திருந்தார். அன்று அது ஜோராகத்தான் ஓடிக்கொண்டிருந்தது.

அரசியலுக்கு வருமுன் எலெக்ட்ரீஷியனாக இருந்த உறுப்பினர், சட்டைப்பையில் கிடந்த லிஃப்ட் ஃப்யூஸைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். அதைத் திரும்ப மாட்ட மொட்டை மாடி லிஃப்ட் அறைக்கு ஒவ்வொரு படியாக ஏறினார், மனைவியின் ஸ்ட்ரெச்சர் ஏறிய அதே வேகத்தில்.