கொலைகாரியின் இரண்டு படங்கள்

கூலிக்குக் கொலை செய்யும் பெண்ணைப் பற்றிய கொரியப் படத்தையும், அதையே ஆங்கிலத்தில் மறுபடி எடுத்ததையும் ஒப்பிட்டு அம்பரீன் இணையத்தில் எழுதியிருந்தாள். வாணியம்பாடிப் பெண். தௌசீப்புக்கு அவளைத்தான் பேசியிருந்தார்கள்.

அதைப் படித்த தௌசீப்பின் அப்பா, ஷூ ஃபேக்டரி முதலாளி மக்பூல் அகமது, இரண்டு படங்களையும் முழுவதுமாகப் பார்த்தார். எழுந்து வந்து மகனைக் கூப்பிட்டார்.

“சீ! குடும்ப மானமே போச்சு. இந்தச் சம்பந்தம் வேணாம்.”

“நான் அப்பவே சொன்னேன்” என்றாள் மனைவி ஜஹீருன்னிசா. “வெட்டுக்குத்துப் படம் பாக்குற பொண்ணு நமக்கு ஆகாதுன்னு.”

தௌசீப் பதறினான். “இனிமே எழுதாதன்னு சொல்லிடறேன்பா.”

“அவ இன்னா எழுதியிருக்கான்னு படிச்சியாடா?”

“இல்லப்பா...”

“மொதல் படத்துல மாடி மாடியா குதிக்கிறா, பூட்ஸுக்கு ஒண்ணும் ஆகல. ரெண்டாவதுல மூணாவது உதையிலயே சோல் பிரிஞ்சு தொங்குதுன்னு எழுதியிருக்கா. நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். நம்ம ஃபேக்டரி தையல்டா அது! போன வருஷம் நீ அனுப்புன சரக்கு!”

தௌசீப் போனை எடுத்து அவள் எழுதியதைத் தேடினான்.

“மட்டமான பசை போட்டு ஒட்டுனவனுக்கு அந்தப் பொண்ண எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுடா கேப்பேன்?”