எதிர் ஜன்னலில் ஒரு நீலச் சட்டை

காலை மணி பதினொன்று. அவள் கீபோர்டிலிருந்து கையை எடுத்தாள். ஜன்னல் பக்கம் திரும்பினாள். எதிர்க் கட்டடத்தைப் பார்த்துக் கையசைத்தாள்.

"பிடிச்சுட்டேன்," என்றது முதுகுக்குப் பின்னால் ஒரு குரல்.

சூப்பர்வைசர். அலுவலகத்தில் அவருக்குப் பெயர் 'கழுகு'. ஒவ்வொரு கம்ப்யூட்டர் மேலும் குண்டுமணி அளவில் ஒரு கேமரா. திரையை விட்டுப் பத்து விநாடி முகம் விலகினால் அவருடைய கம்ப்யூட்டரில் ஒரு சிவப்புப் புள்ளி விழும். இந்த வாரம் நாலே நாளில் அவள் பெயருக்கு நேராக எழுபது புள்ளி.

தன் கண்ணாடி அறைக்குள் கூப்பிட்டு நிறுத்தினார். மேஜையில் அவரும் அவர் மனைவியும் சேர்ந்து எடுத்த போட்டோ. அதன் பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாளை வைத்தார்.

"எழுதும்மா. எதிர் பில்டிங் ஆளோட சைகை பேசினேன், இனிமே பேச மாட்டேன், மன்னிக்கணும். கீழ கையெழுத்து. இல்லேன்னா இன்னிக்கே உன் சீட்டு கிழிஞ்சுடும்."

அவள் பேனாவைத் தொடவில்லை. வீட்டில் சம்பாதிப்பவள் அவள் ஒருத்திதான். அது கழுகுக்கும் தெரியும்.

நாள் பூராவும் எறும்பு ஊர்கிற மாதிரி கையால் எழுதிய விண்ணப்பங்களைத் திரையில் பார்த்துப் பார்த்துத் தட்டியதில் கண் மிளகாய்ப்பழமாகிப் போன கதையைச் சொன்னாள். இருபது நிமிஷத்துக்கு ஒரு தடவை தூரத்தில் எதையாவது இருபது விநாடி பார்க்கும்படி போன வாரம் கண் டாக்டர் சொன்னதையும் சொன்னாள். பார்க்க ஆரம்பித்த பிறகு அவள் வேலையில் ஒரு பிழைகூட இல்லை, வேண்டுமானால் ஃபைலைப் பார்த்துக்கொள்ளலாம் என்றாள்.

"கண் என்னோடது சார். கம்பெனி கொடுத்தது கம்ப்யூட்டரை மட்டும்தான். நான் திரும்பத்தான் செய்வேன்."

கழுகு சிரித்தார். பதினைந்து வருஷமாக இமை கொட்டாமல் திரையைப் பார்க்கிறாராம். அவர் கண்ணுக்கு ஒரு குறையும் வந்துவிடவில்லையாம். சொல்லிக்கொண்டே அவளுடைய ஃபைலை மூக்கில் இடிக்கிற அளவுக்குத் தூக்கிப் பிடித்துப் புரட்டினார். பிழை ஒன்றும் அகப்படவில்லை.

போன் அதிர்ந்தது. அவர் மனைவி.

"புது ஆபீஸ்ல சேர்ந்து நாலு நாள் ஆகலை, அதுக்குள்ள என்ன போன் வேண்டிக்கெடக்கு? வேலையைப் பாரு. எதுவா இருந்தாலும் வீட்ல பேசிக்கலாம்." மனைவி வாயைத் திறக்குமுன் துண்டித்துவிட்டு, விசாரணைக்குத் திரும்பினார்.

"கண்ணுக்கு ரெஸ்ட்டுன்னா வானத்தைப் பாரு, மரத்தைப் பாரு. கையை எதுக்கு ஆட்டறே?"

இதற்கு மட்டும் அவள் தயங்கினாள். "அதை விட்டுடுங்க சார். சொன்னா உங்களுக்குத்தான் சங்கடம்."

"எனக்கென்ன சங்கடம்?" கழுகு எழுந்து ஜன்னலருகே போனார். தெருவுக்கு அந்தப் பக்கம், இதே மாடி உயரத்தில், நீலமாக ஒன்று அசைந்துகொண்டிருந்தது. கண்ணைச் சுருக்கிக்கொண்டு கண்ணாடியோடு நெற்றியை ஒட்டினார்.

"அதோ நிக்கறான் பார், நீலச் சட்டை. நான் நிக்கறது தெரிஞ்சும் கையாட்டறான், என்ன நெஞ்சழுத்தம். யாரு அந்தத் தடியன்? பேரைச் சொல்லு, இப்பவே அவன் ஆபீசுக்குப் போன் போடறேன்."

அவள் வெள்ளைத் தாளை நாலாக மடித்து அவர் பக்கமே தள்ளினாள். மேஜையில் இருந்த போட்டோவை எடுத்தாள். தள்ளிப் பிடித்தால் அவருக்குத் தெரியாது என்பதால், மூக்குக்கு நேராகக் கொண்டுபோய்க் காட்டினாள்.

"தடியன் இல்லை சார், உங்க வீட்டம்மா. நாலு நாளா உங்களைப் பார்த்துத்தான் கையாட்டறாங்க. பாவம், உங்களுக்குப் பதிலா நான் ஆட்டினேன்."