உறுதியாகச் சொல்லவும்

எங்கள் பனியன் கம்பெனியில் இப்போது விடுப்பை மேஸ்திரியிடம் கேட்க முடியாது. வாசலில் இருக்கும் பேசும் பெட்டியிடம்தான் சொல்ல வேண்டும். ஊழியர்கள் தயங்காமல் பேசப் பழக வேண்டும் என்று அதை வைத்திருக்கிறார்கள். குரல் நடுங்கினால் அது ஏற்றுக்கொள்ளாது.

அப்பா அரூர் ஆஸ்பத்திரியில் கிடந்தார்.

"அப்பாவுக்கு ரொம்ப முடியலைங்க. பிழைப்பாரான்னு தெரியலை. போய்ப் பார்க்கணுங்க" என்றேன்.

"தெளிவில்லை. உறுதியாகச் சொல்லவும்" என்றது பெட்டி.

நான்கு முறை சொன்னேன். நான்கு முறையும் குரல் உடைந்தது. வரிசையில் பின்னால் நின்ற நசீமா அக்கா, "ஏண்டி, பொண்ணு பார்க்க வந்தவங்ககிட்டயா பேசுற? அடிச்சுச் சொல்லுடி!" என்றாள்.

தெரியாததை எப்படி அடித்துச் சொல்வது? கண்ணை மூடிக்கொண்டேன்.

"எங்கப்பா செத்துட்டார்."

குரல் கொஞ்சமும் நடுங்கவில்லை.

"நன்றாகப் பேசினீர்கள். தந்தை இறப்புக்கு மூன்று நாள் விடுப்பு" என்றது பெட்டி.

இதைச் சொல்ல முடியாமல்தான் இத்தனை நேரம் தடுமாறினேன் என்று நினைத்து, நசீமா அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அவளிடமும் நான் உண்மையைச் சொல்லவில்லை.

ஆஸ்பத்திரியில் அப்பா என்னைப் பார்த்துச் சிரித்தார். "எப்படிம்மா விட்டாங்க?"

"கேட்டேன், குடுத்தாங்கப்பா."

"பரவாயில்லையே, பேசக் கத்துக்கிட்டியே."

மூன்றாம் நாள் மாலையில் அவருக்கு மூச்சு இழுக்கத் தொடங்கியது. "இன்னும் ஒரு நாள் இரும்மா" என்றார்.

ஓர் அப்பாவுக்கு ஒரு முறைதான் அந்த விடுப்பு. நான் பையை எடுத்துக்கொண்டு பஸ் நிலையத்துக்கு நடந்தேன்.