கொல்லுப்பட்டறை ஆணழகன்

பாவம் பாத்துக் குடுத்த பட்டமா? அப்படியா ரிஷி? இருநூறு பேர் இருக்கிற காலேஜ் குரூப்ல அத டைப் பண்ணிட்டு, கடைசியில சிரிக்கிற பொம்மை வேற!

எனக்கு டைப் பண்ற பொறுமையெல்லாம் இல்ல. வாய்ஸ்லயே சொல்றேன். எல்லாரும் கேளுங்க.

நேத்து பிரிக்பீல்ட்ஸ் ஹால்ல நடந்த 'கிரேக்க ஆணழகன்' போட்டிய நடத்துனது நான், தாமரை. ஓட்டு எண்ணுனதும் நான்தான். தில்லுமுல்லுன்னா என் பேரச் சொல்லு. ஜெயிச்ச ஜீவன ஏன் இழுக்கற?

என்னது? அசிங்கமான சாமி வேஷத்துல வந்தவன் எப்படி ஆணழகன் ஆவான்னா? போஸ்டர படிச்சியா இல்லியா? 'கிரேக்கக் கதையில வர்ற எந்த ஆம்பளையாவும் வரலாம், சாமியோ மனுசனோ.' அவ்ளோதான் போட்டிருந்தோம். உன் மூஞ்சி மாதிரி இருக்கணும்னு எங்கயும் போடல.

நீ அப்போலோவா வந்த. சூப்பர், ஒத்துக்கறேன்லா. மூணு மாசம் ஜிம்மு, உடம்பு பூரா தங்கப் பவுடர், தலையில சூரியக் கிரீடம். முன் வரிசை ஆன்டி ஒருத்தவங்க சூரிய பகவான்னு நெனச்சு கையெடுத்துக் கும்பிட்டாங்க. அடோனிஸ் சட்டை இல்லாம வந்தான், ஒரே விசிலு. தண்ணியில தன் மூஞ்சியவே பாத்து மயங்குன நார்சிசஸ், தண்ணிக்குப் பதிலா போன் கேமராவப் பாத்துக்கிட்டே வந்து மேடையிலேர்ந்து விழப் பாத்தான். அக்கிலீஸ் கேடயத்த தூக்கிக்கிட்டு போட்டோவுக்கு மட்டும் நின்னான்.

அப்புறம்தான் ஜீவன்.

போர்ட் கிள்ளான்ல மாமாவோட லோரி வொர்க்‌ஷாப்ல வெல்டிங் பண்ணிக்கிட்டே படிக்கிறவன். பந்திங் ரோட்ல மோட்டார்லேர்ந்து விழுந்தப்புறம் இடது கால இழுத்துதான் நடக்கிறான். அவன் எடுத்த வேஷம் ஹெஃபைஸ்டஸ். மத்த சாமிங்களுக்கெல்லாம் ஆயுதம் அடிச்சுக் குடுக்கற கொல்லன். நொண்டி. அந்தக் கூட்டத்துலயே அழகில்லாத ஒரே ஆளு.

பேர் குடுக்க வந்தப்ப நானே கேட்டேன்.

"டேய், வேற சாமியே கெடைக்கலியா? இது அழகுப் போட்டிடா."

"தெரியும்லா. அதனாலதான்."

வெல்டிங் ஏப்ரன், கையில சுத்தியல். மியூசிக் வேணாம்னுட்டான். கால் தரையில உரசுற சத்தத்தோட நடந்து வந்து மைக்க புடிச்சான்.

"நான் பொறந்தப்ப கால் சரியில்லன்னு எங்கம்மா மலை உச்சியிலேர்ந்து தூக்கிப் போட்டாங்க. நல்ல வேளை, கை ஒடையல."

பின்னாடி நின்னவங்கள சுத்தியலால காட்டுனான்.

"இதோ நிக்கிறாங்க பாருங்க. அப்போலோ தலையில சூரியன், அக்கிலீஸ் கையில கேடயம். எல்லாம் நான் அடிச்சுக் குடுத்தது. பசங்க அழகா இருக்காங்கல்ல?"

அது கதை மட்டும் இல்லியே! நெசமாவே எல்லாம் அவன்தான செஞ்சான்? உன் கிரீடமே அவன் பிஸ்கட் டின்ன வெட்டி ஒட்டுனதுதான! 'பாஸ், இன்னும் கொஞ்சம் பெருசா பண்ணு'ன்னு ரெண்டு தடவ திருப்பி அனுப்புனியே, அந்தக் கிரீடம்!

ஹால் எப்படி அதிர்ந்துச்சு! விசில் அடிச்ச பொண்ணுங்க எந்திரிச்சு நின்னு கை தட்டுனாளுங்க. அத நான் காசு குடுத்தா தட்ட வெச்சேன்?

சரி, இன்னிக்குக் காலையில நடந்தத சொல்றேன். ஜீவன் கொமுட்டர் ரயில் புடிச்சு வந்தான். ஹால் பக்கத்து மாமாக் சாப்பாட்டுக் கடையில நான் தே தாரே டீ குடிச்சிட்டு இருக்கேன். 'ஆணழகன்'னு எழுதுன சிவப்புப் பட்டைய நாலா மடிச்சு மேசையில வெச்சான்.

"ரிஷிகிட்ட குடுத்துரு."

"ஏன்டா?"

"குரூப்ல படிச்சேன். கால இழுத்துக்கிட்டு வந்தான், பாவம்னு போட்டாங்கன்னு. இருக்கும்லா."

"லூசு மாதிரி பேசாத!"

"கோபப்படாத தாமரை. ஆக்சிடெண்ட்லேர்ந்து எல்லாரும் என் காலப் பாத்துதான் பேசுறாங்க. நேத்து ரெண்டு நிமிசம் மூஞ்சியப் பாத்த மாதிரி இருந்துச்சு. அது நெசமா இல்லியா? அது மட்டும் தெரிஞ்சா போதும்."

பட்டைய எடுத்து என் பையில போட்டுக்கிட்டேன், ரிஷி.

அவன் போனதும் நேரா ஹாலுக்குப் போனேன். ஓட்டுப் பெட்டியக் கொட்டி எல்லாச் சீட்டையும் மறுபடி எண்ணுனேன். கணக்கு சரிதான். உன்னைவிட ஜீவனுக்கு ஒரே ஒரு ஓட்டு அதிகம்.

பாக்க வந்தவங்க சீட்டுல பேரே கெடையாது. யாரு பாவம் பாத்தா, யாரு அழகு பாத்தான்னு அந்தச் சாமியாலயும் கண்டுபுடிக்க முடியாது. ஆனா போட்டியில நின்ன உங்க எல்லார் சீட்டுலயும் பேர் இருக்கு. தனக்குத்தானே குத்திக்கக் கூடாதுன்னு எழுதச் சொன்னோம்ல?

ஓட்டு ரகசியம், தெரியும். வெளிய சொல்லக் கூடாது, அதுவும் தெரியும். சொல்லத்தான் போறேன். திட்டறதுன்னா அப்புறமா திட்டு.

உன் சீட்டு இப்ப என் கையில இருக்கு. 'ஹெஃபைஸ்டஸ்'னு எழுதி, கீழ உன் கையெழுத்து.

அவன ஜெயிக்க வெச்ச அந்த ஒரு ஓட்டு உன்னுதுடா.

ஜீவனும் இந்த குரூப்லதான் இருக்கான், கேட்டுக்கிட்டு இருக்கான். எனக்குத் தனியா மெசேஜ் போடாத. இங்கயே, எல்லாருக்கும் கேக்கற மாதிரி சொல்லு ரிஷி: அந்த ஓட்ட நீ பாவம் பாத்துப் போட்டியா, அழகு பாத்துப் போட்டியா?