மீனுக்குப் போட்ட உப்பு

சமையலறை உப்பு ஜாடியைப் பீரோவுக்குள் வைத்துப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள் மயிலம்மாள். பாலக்கரையில் நகையைப் பூட்டி வைத்த வீடுகள் நிறைய உண்டு. உப்பைப் பூட்டி வைத்தது அந்த ஒரு வீடுதான்.

வேறு வழியில்லை. அவள் கணவர் ரங்கசாமிக்கு ரத்தக்கொதிப்பு. உப்பைத் தொட்டால் பக்கவாதம்தான், அப்புறம் என்னைக் குறை சொல்லக்கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

மனுஷன் நாக்குக்கு அடிமை. கல்யாணமான புதிதில் குழம்பில் உப்புக் குறைந்ததென்று வெண்கலக் கும்பாவை வீசியடித்தார். மயிலம்மாளின் இடது புருவத்துக்கு மேல் அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது. அன்றிலிருந்து, முதல் கவளம் அவர் வாய்க்குள் போனதுமே கரண்டியோடு நின்று, "உப்புப் போதுமாங்க?" என்று கேட்பாள். முப்பது வருஷம் தவறாமல் கேட்டவள், டாக்டர் சொன்ன நாளோடு நிறுத்திக்கொண்டாள்.

"உப்பில்லாப் பண்டம் குப்பையிலேன்னு சும்மாவா சொன்னான்?" என்று ரங்கசாமி தட்டைத் தள்ளுவார். எனக்கு என் தாலி வேணும் என்று அவள் திரும்பத் தட்டை நகர்த்துவாள். தெருவே அவளை மெச்சியது.

கைலாசபுரத்தில் ஃபாக்டரி எழும்பிய புண்ணியத்தில் அவருடைய இரும்புக்கடை நன்றாக ஓடியது. அதை மகன் வீரமலையிடம் விட்டுவிட்டு வீட்டில் உட்கார்ந்தவர், பொழுது போகாமல் எல்லார் மேலும் எரிந்து விழுந்தார். மீன் வளர்த்துப் பாருங்களேன் என்று யோசனை சொன்னவள் மயிலம்மாள்தான். பக்கத்துத் தெருவில் இருந்த கிளமென்ட், காலேஜில் கெமிஸ்ட்ரி நடத்துகிறவர், கண்ணாடித் தொட்டியில் கடல் மீன் வைத்திருந்தார். மண்டபத்திலிருந்து ரயிலில் வந்த, வெள்ளைப் பட்டை போட்ட ஆரஞ்சு மீன்கள் இரண்டை இவர்களுக்கும் கொடுத்தார்.

திருச்சியில் கடலுக்கு எங்கே போவது? காவிரித் தண்ணீரில் கரைத்துத்தான் கடலைச் செய்ய வேண்டும். முக்கால்வாசி சாப்பாட்டு உப்பு, கொஞ்சம் பேதி உப்பு, இன்னும் கிளமென்ட் பொட்டலம் கட்டிக் கொடுத்த இரண்டு மூன்று உப்புகள். எனாமல் வாளியில் கலக்கி ஒரு ராத்திரி அப்படியே விட்டு, காலையில் பால்மானியை மிதக்க விடுவார்கள். பாலில் கலந்த தண்ணீரைக் காட்டிக்கொடுக்குமே, அதே பால்மானிதான். இருபத்தைந்தாம் கோட்டில் நின்றால் அது கடல்.

சாப்பாட்டு உப்பு என்றதுமே ரங்கசாமிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. வாரம் ஒரு வாளி மாற்றினால் போதும் என்றார் கிளமென்ட். இவர் ஒருநாள் விட்டு ஒருநாள் மாற்றினார்.

முதல் தடவை அவசரப்பட்டு எல்லா உப்பையும் கலந்தபிறகு அள்ளி வாயில் போட்டுக்கொண்டதில், பேதி உப்பு தன் வேலையைக் காட்டியது. பகல் முழுக்கக் கொல்லைக்கு நடந்தார். அப்புறம் புத்தி வந்து, மீனுக்கென்று பூட்டி வைத்த டின்னைத் திறந்து மயிலம்மாள் அளந்து வைத்த சாப்பாட்டு உப்பிலிருந்து முதலிலேயே திருடி, வெற்றிலைச் செல்லத்துச் சுண்ணாம்பு டப்பாவில் நிரப்பிக்கொண்டார். சோற்றில் தூவிக்கொள்வதும் கஷ்டமாக இல்லை. அவர் பிசையும் நேரம் பார்த்து அவளுக்கு அடுக்களையில் ஏதாவது வேலை வந்துவிடும்.

ஒரு விஷயம்தான் அவருக்குப் பிடிபடவில்லை. டப்பா நிறைய எடுத்தபிறகும் மறுநாள் காலையில் பால்மானி சரியாக இருபத்தைந்தில் நிற்கும். அரைக்கோடு கூட இறங்காது. எல்லாம் அரங்கனைச் சுற்றி வரும் காவிரியின் மகிமை என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

ஆடி மாதத்தில் ஒரு காலை, டப்பாவை நிரப்பிச் செல்லத்துக்குள் வைத்துவிட்டு வாளியைக் கலக்கிக்கொண்டிருந்தவர் அப்படியே சாய்ந்தார். வாய் ஒரு பக்கமாகக் கோணியது. ஒரு கையும் காலும் போயின. பேச்சும் போனது.

டாக்டர் வந்து பார்த்துவிட்டு, உப்புக் கொடுத்தீர்களா என்று கேட்டார்.

"என் கையால ஒரு கல்லு போட்டதில்லைங்க" என்று அழுதாள் மயிலம்மாள். அதில் பொய் இல்லை. அம்மா இப்படிக் காவல் காத்திருக்காவிட்டால் அப்பா எப்போதோ போயிருப்பார் என்று வீரமலை அவள் தோளைப் பிடித்துக்கொண்டான். டாக்டரும் ஆமாம் என்று தலையாட்டினார். இன்னொரு தடவை வந்தால் உயிர் தங்காது, கஞ்சி மட்டும் கொடுங்கள், உப்பு வாசனையே கூடாது என்று சொல்லிவிட்டுப் புறப்பட்டார். மருந்து வாங்க வீரமலையும் கூடவே போனான்.

ரங்கசாமிக்குக் கண்ணும் காதும்தான் மிச்சம். கட்டிலில் கிடந்தபடியே, மயிலம்மாள் அந்த வாளியிடம் போவதைப் பார்த்தார். பால்மானியை மிதக்க விட்டாள். அது அளவுக்கு மேல் அமிழ்ந்தது. அவள் உப்பு டின்னிலிருந்து ஒரு கை அள்ளிப் போட்டு, பழகிய கையாகக் கலக்கினாள். பால்மானி மெல்ல எழும்பி இருபத்தைந்தில் வந்து நின்றது.

அவருக்குப் புரிந்துவிட்டது. கத்தப் பார்த்தார். எச்சில்தான் ஒழுகியது.

அதை முந்தானையால் துடைத்துவிட்டு, கஞ்சிக் கிண்ணத்தோடு பக்கத்தில் உட்கார்ந்தாள். தலைமாட்டில் இருந்த வெற்றிலைச் செல்லத்தை இழுத்து, தேடாமல் சுண்ணாம்பு டப்பாவை எடுத்து, இருந்ததை எல்லாம் கஞ்சியில் கொட்டிக் கலந்தாள். ஒரு கரண்டி அவர் வாய்க்குள் போனதும், பழைய பணிவு கொஞ்சமும் குறையாமல் கேட்டாள்:

"உப்புப் போதுமாங்க?"