கண்ணாடிச் சத்தம்

"கண்ணாடியைக் கடிச்சுக்கிட்டு வாசிக்கிறாளாம், பெரிய இவ!"

இசைக்குழுவின் ஒத்திகை அறையில் கிளாரினெட்டின் பாகங்களைப் பூட்டிக்கொண்டே பொருமினாள் அவள். பிரசவ விடுப்பு முடிந்து அன்றுதான் வந்திருந்தாள். ஆறு மாதமாக அவளுடைய நாற்காலியில் உட்கார்ந்திருந்தது, பதில் ஆளாக வந்த பெண். நாளைக்குத் தேர்வு. ஜெயிக்கிறவருக்கு நாற்காலி, மற்றவர் வீட்டுக்கு.

"இருந்தாலும் அவ வாய் வச்சு ஊதுற அந்தக் கண்ணாடி மவுத்பீஸ் கணீர்னு இருக்குடி," என்றாள் புல்லாங்குழல்காரி. "கடைசி வரிசை வரைக்கும் கேக்குது. உன் ரப்பர் மவுத்பீஸ் மாதிரி பல்லு பட்டுத் தேயாதாம். வெயிலு குளிரு எதுக்கும் அசையாதாம்."

"கை தவறுனா? சில்லுசில்லாப் போயிடும். கனம் வேற. வாயில வழுக்கும், காலையில பல்லு கூசும்."

"நீ வச்சுப் பாத்தியா என்ன?"

"எனக்கெதுக்கு அந்தக் கருமம்?"

முந்தின நாள் கடையில் அரை மணி நேரம் அதைக் கையில் வைத்திருந்துவிட்டுத் திருப்பிக் கொடுத்ததை அவள் சொல்லவில்லை.

"விடு. திரைக்குப் பின்னாடிதானே வாசிக்கப் போறீங்க? யாருன்னு, தேர்ந்தெடுக்கப்போற மாஸ்டருக்கு எப்படித் தெரியும்?"

"அதான் வயித்தெரிச்சலே! அந்தக் கண்ணாடிச் சத்தத்தை ஆறு மாசமா கேட்ட காது அது. ஒரு ஸ்வரம் போதும், கண்டுபிடிச்சிடுவார். மூஞ்சியை மறைச்சுட்டுக் கழுத்துல பேர் அட்டை மாட்டுன கதைதான். தெரிஞ்சேதான் செய்யறா, கள்ளி!"

கிளாரினெட்டை அப்படியே நாற்காலியில் வைத்துவிட்டு மாஸ்டர் அறைக்கு நடந்தாள். வழியில் அந்தப் பெண் எதிரே வந்தாள்.

"பாப்பா ராத்திரி தூங்க விடறாளாக்கா?"

"ம்."

என்ன அக்கறை! நாக்கில் தேன் தடவிக்கொண்டு வந்துவிட்டாள்.

மாஸ்டரிடம் மூச்சு விடாமல் எல்லாவற்றையும் கொட்டினாள். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"நியாயமான புகார்தாம்மா. ஆனா லேட்டு."

"அவளுக்கே குடுத்துட்டீங்களா சார்?"

"சேச்சே! நாளைக்கு ரெண்டு பேரும் ரப்பர் மவுத்பீஸ்லதான் வாசிக்கணும்னு போன வாரமே முடிவாயிடுச்சு. நீங்க வந்ததும் சொல்லலாம்னு இருந்தேன். இதே புகாரோட இன்னொருத்தங்க வந்தாங்க. 'கைக்குழந்தையை வச்சுக்கிட்டுத் திரும்பி வர்றவங்களுக்கு இது அநியாயம் சார்'னு சண்டை போட்டுட்டுப் போனாங்க."

"எனக்காகவா? யார் சார் அந்த மகராசி?"

மாஸ்டர் பதில் சொல்வதற்குள் பக்கத்து அறையில் ஒரு கிளாரினெட் கீச்சென்று பிசிறடித்தது. நின்றது. மறுபடியும் முதலிலிருந்து தொடங்கியது.

"அதோ, அவங்கதான். ரப்பர் பழக்கம் விட்டுப்போச்சாம், ஒரு வாரமா இப்படித்தான் திணறிக்கிட்டிருக்காங்க."